பழைய உலாவிகளும் புதிய சேவைகளும்

இணைய வங்கிச் சேவையைத் திறந்தவுடன் ‘தங்கள் உலாவியைப் புதுப்பிக்கவும்’ என்ற அறிவிப்பு தோன்றிய அனுபவம் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இருக்கும். நேற்றுவரை நன்கு இயங்கிய கணினியில் இன்று ஏன் இந்தத் தடை என்ற வினா எழுவது இயல்பே. புதிய சேவை ஒன்றை வடிவமைக்கும்போதெல்லாம், எவ்வளவு பழைய உலாவிவரை அது இயங்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்ய வேண்டியுள்ளது. அம்முடிவின் பின்னணியை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தாங்கள் உள்ளிடும் கடவுச்சொல், உலாவி எனப்படும் பிரவுசரிலிருந்து வங்கியின் சர்வரை அடையும் வழியில் பிறர் படிக்க இயலாதவாறு குறியாக்கம் செய்யப்படுகிறது. இதற்கான நெறிமுறையே டி.எல்.எஸ். இதன் முதற்பதிப்பு 1999-இலும், 1.2 பதிப்பு 2008-இலும், 1.3 பதிப்பு 2018-இலும் வெளிவந்தன. 1.2-க்கு முந்தைய இரு பதிப்புகளையும் கைவிட வேண்டும் என இணையப் பொறியியல் பணிக்குழு 2021-இல் அறிவித்தது. பழைய உலாவி வைத்திருப்பவருக்காக மட்டும் பழைய முறையை விட்டுவைக்கலாகாதா எனச் சிலர் கேட்கின்றனர். இயலாது. சர்வர் பழைய முறையை ஏற்கும் நிலையில் இருப்பின், இடையில் நுழையும் ஒருவர் புதிய உலாவியின் இணைப்பையும் அதே பழைய முறைக்கு இறக்கிவிட முயலக்கூடும். 2014-இல் வெளிப்பட்ட ‘பூடில்’ என்னும் தாக்குதல் இவ்வகையைச் சேர்ந்தது. ஒருவருக்காகத் திறந்து வைத்த பின்கதவு அனைவருக்கும் ஆபத்தாகிறது. ஆகவே இவ்விடத்தில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

கடினமான முடிவு வேறோரிடத்தில் உள்ளது. விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் நிறைவுற்றது. அதில் இயங்கும் கடைசி குரோம் பதிப்பு 109. அது புதிய குறியாக்கத்தை நன்கு அறியும். பக்கங்களும் சரியாகவே தெரியும். ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. கணினிக்குள் தீநிரல் புகுந்துவிட்டால், குறியாக்கம் செய்யப்படும் முன்னரே கடவுச்சொல் களவு போய்விடும். மறுபுறம், அத்தகைய கணினியில் மாதந்தோறும் ஓய்வூதிய வரவைச் சரிபார்க்கும் முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கிறோம். மகன் விட்டுச்சென்ற அக்கணினியே அவருக்கு வங்கிக் கிளை. ‘மிகச் சிலரே பயன்படுத்துகின்றனர்’ என்று பதிவேட்டைக் காட்டி அவரை விலக்கிவிடுவது எளிது. ஆனால் ஏற்கெனவே பக்கம் திறக்காமல் மனம் சலித்துத் திரும்பியவர்கள் அப்பதிவேட்டில் இடம்பெறுவதே இல்லை.

எனவே இடைப்பட்ட வழி ஒன்றைத் தேர்ந்துள்ளோம். திருத்தங்கள் நின்றுபோன உலாவிகளில் இருப்புத் தொகையையும் கணக்கு அறிக்கையையும் எச்சரிக்கையுடன் காணலாம். புதிய பயனாளியைச் சேர்க்கவோ பணம் அனுப்பவோ இயலாது. முழுமையாக நிறுத்தும் முன்னர்ப் பல வாரங்களுக்கு அறிவிப்பு தரப்படும். ஓய்வூதியம் வரவாகும் மாத இறுதியிலோ, வாழ்நாள் சான்று அளிக்கும் நவம்பரிலோ எந்த நிறுத்தமும் செய்யப்படாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும் இணையதளங்களை ஒருகாலத்தில் அமைத்தவை எங்களைப் போன்ற நிறுவனங்களே. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று அதன் 11-ஆம் பதிப்புக்கு விடை கொடுத்தபோது, பழகிய வாடிக்கையாளர்களைக் குறை கூறும் தகுதி எங்களுக்கு இல்லை.

கணினியை மாற்ற இயலாதோர் கைப்பேசிச் செயலியையோ ஏ.டி.எம். மையத்தையோ நாடலாம். சாதாரண பட்டன் கைப்பேசி வைத்திருப்போருக்கு 2022 மார்ச் முதல் யு.பி.ஐ. 123பே வசதி உள்ளது.

உலாவியை அதன் மெனுவில் உள்ள ‘அறிமுகம்’ பகுதியிலோ, கைப்பேசியின் செயலிக் கடையிலோ மட்டுமே புதுப்பிக்கவும். ‘உலாவியைப் புதுப்பிக்க இதனை அழுத்தவும்’ என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பு எதனையும், அது எங்கள் பெயரிலேயே வந்திருப்பினும், திறக்க வேண்டாம். அத்தகைய இணைப்பை நாங்கள் அனுப்புவதில்லை. தவறுதலாகத் திறந்துவிட்டால், உடனே 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் தங்கள் கிளையையும் தொடர்பு கொள்ளவும்.