அறிக்கை தாமதமாவது ஏன்? கருப்பைவாயில் தோன்றும் ஓர் அரிய புற்று

திசுப் பரிசோதனைக்குக் கொடுத்து ஒரு வாரம் கடந்த பின்னும் "இன்னும் சில சோதனைகள் உள்ளன" என்ற பதிலே கிடைத்தால் எந்தக் குடும்பமும் கலங்கும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் இவ்வாறு காத்திருக்க நேர்வதற்கு ஒரு காரணம், அது நியூரோஎண்டோகிரைன் வகையாக இருக்கலாம் என்ற ஐயம். பெயர் நீளமானது, பொருள் எளிது. நரம்பு செல்லின் இயல்பும் ஹார்மோன் சுரக்கும் செல்லின் இயல்பும் ஒருங்கே கொண்ட புற்று அது. கருப்பைவாய்ப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகை. இதிலும் சிறுசெல் வகையே மிகுதி. ஹெச்.பி.வி. வைரஸ், குறிப்பாக 18, 16 ஆகிய வகைகள், இதற்கும் காரணமாகின்றன.

அறிகுறிகள் மற்றக் கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு உரியவையே: உறவுக்குப் பின்னும் மாதவிடாய் நின்ற பின்னும் இரத்தப்போக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. பாப் பரிசோதனையில் இது எளிதில் அகப்படுவதில்லை. வழக்கமான புற்று பல ஆண்டுகள் முன்மாற்றங்களாக நின்று நமக்கு அவகாசம் தருகிறது. இது பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே, முந்தைய பாப் அறிக்கை இயல்பாக இருந்தது என்பதற்காக இரத்தப்போக்கைப் புறக்கணித்தலாகாது.

நுண்ணோக்கியில் கருமையாக, நெருங்கி அமைந்த சிறு செல்கள் தென்படும்போதே நோயியல் மருத்துவருக்கு ஐயம் எழும். ஆனால் வேறு சில புற்றுகளும், ஏன், திசு எடுக்கையில் நசுங்கிய அழற்சி செல்களும் இதே தோற்றம் தரக்கூடும். எனவே, மெழுகில் பதித்த அதே திசுவிலிருந்து மேலும் மெல்லிய சீவல்கள் வெட்டி, சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், சிடி56 முதலிய புரதங்களைக் காட்டும் சாயங்களை ஏற்றுகின்றனர். இதற்குப் பெரும்பாலும் மறுபடி திசு எடுக்க வேண்டியதில்லை. ஒரு சாயம் மட்டும் ஏறியதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. சிடி56 வேறு கட்டிகளிலும் ஏறும். நுரையீரலிலும் சிறுசெல் புற்று தோன்றுவதால், அங்கிருந்து பரவியதன்று என்பதை ஸ்கேன் மூலமும் உறுதிசெய்வர்.

இத்தனை கவனம் வேண்டுவதற்குக் காரணம் சிகிச்சை மாறுபடுவதே. இவ்வகை, கட்டி சிறிதாக இருக்கும்போதே இரத்தத்தின் வழி நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவக்கூடியது. அறுவையோ கதிர்வீச்சோ மட்டும் போதாது. எட்டோபோசைடுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சேர்ந்த மருந்துச் சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும்.

அரிய நோயாதலால் இரண்டாம் கருத்து நாடுவது முறையே. மருத்துவர் அதனைத் தவறாகக் கொள்ளார். அப்போது அறிக்கையின் நகலுடன் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். நகலை மட்டும் வைத்து மறுஆய்வு செய்ய இயலாது.