ஏடு பெயர்த்தலும் கணினி புதுப்பித்தலும்

கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859ஆம் ஆண்டில் ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டதை இலக்கிய அன்பர்கள் அறிவர். அவர் காலத்திலும் தமிழ் நூல்கள் பல ஓலையிலேயே உயிர் வாழ்ந்தன. ஓலைக்கோ ஆயுள் குறைவு. ஈரமும் கறையானும் அதற்குப் பகை. ஆகவே, ஏடு சிதையுமுன்னரே அதனைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுவதை நம் முன்னோர் கடமையாகக் கொண்டனர். பெயர்த்தெழுதிய நூல்கள் நிலைத்தன. ‘பிறகு பார்ப்போம்’ என்று பரணில் ஏற்றிய நூல்களுட் பல, பெயரளவில் மட்டுமே எஞ்சின.

இன்று நம் ஏடுகள் கணினிக்குள் இருக்கின்றன. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கற்பிட்டியில் நிற்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற ‘கந்தோர்’ என்னும் சொல் நம் நாவில் நிற்கிறது. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியிலுள்ள சில கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் பணிபுரியும் நண்பர்களோடு கணினி பற்றி உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியதுண்டு. “ஓடுகிற இயந்திரத்தை ஏன் தொடவேண்டும்?” என்பதே அவர்களிற் பெரும்பாலோர் எழுப்பிய வினா. வினா நியாயமானதே. விடை காணச் சற்று உள்ளே புகவேண்டும்.

கணினியின் உடல் வேறு. அதனை ஆளும் பணிசெயல் முறைமை வேறு. நாம் தட்டும் எழுத்தைத் திரைக்குக் கொணர்வதும், கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதும், அச்சுப்பொறியை ஏவுவதும் இம்முறைமையின் பணிகள். ஓலையைக் கறையான் அரித்தாற் கண்ணுக்குத் தெரியும். பணிசெயல் முறைமையின் முதுமையோ தெரிவதில்லை. நேற்றுப்போலவே இன்றும் இயங்கும். ஆயினும், குறித்த ஒரு நாளுக்குப் பின் அதனை ஆக்கியோர் அதன் குறைகளைத் திருத்துவதை நிறுத்திவிடுகின்றனர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 என அந்நாட்கள் அமைந்தன. நீட்டிப்புத் திட்டங்களிற் சேர்ந்த கணினிகள் நீங்கலாக, ஏனையவற்றுக்கு அதன்பின் காவலில்லை. கள்ளச்சாவி செய்தவன் ஊருக்குள் உலவுகையில், பூட்டை மாற்றுவார் இல்லாத வீட்டின் நிலை அது.

இஃது வெறும் அச்சுறுத்தலன்று. 2017 மே 12ஆம் நாள் ‘வொன்னகிரை’ என்னும் கப்பம் கோரும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. அதனை இடாத கணினிகளே பெரிதும் வீழ்ந்தன. பிரித்தானிய மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் கைவிடப்பட்டன. நம் நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையை அத்தகைய தீநிரலொன்று தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதலே இருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் தள்ளிப்போயிற்று என்று பொறுப்பான முகவர் நிலையமே தெரிவித்தது.

இனி, இதற்கு மறுபுறமான பாடம் ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள், ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பெற்ற பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் தரையில் நின்றன. தாமதம் ஒரு பகையென்றால், சோதியாமல் யாவற்றுக்கும் ஒரே வேளையில் அனுப்பும் அவசரம் மற்றொரு பகை.

புத்தளத்து உப்பளங்களைப் பார்த்தவர் இதற்கு வழிகாட்டி தேடி வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. களப்பு நீரை நேரே உப்பு விளையும் பாத்திக்குப் பாய்ச்சுவார் எவருமிலர். முதலில் தேக்கி, பாத்தியிலிருந்து பாத்திக்கு விட்டு, வெயிலிற் செறிவேற்றி, பதம் பார்த்த பின்னரே கடைசிப் பாத்தியில் விளைய விடுவர். நாற்பது கணினிகளுள்ள கந்தோருக்கும் இதுவே நெறி. முதலிற் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டிற் பிரதிசெய்து, அப்பிரதி திறக்கின்றதா என்றும் பார்த்து, கணினிகளிலிருந்து கழற்றித் தனியே வைக்கவேண்டும். பின்பு ஒரே ஒரு கணினியிற் புதிய முறைமையை இட்டு, கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறியும் ஒரு வாரம் ஒழுங்காக இயங்குவதைக் காணவேண்டும். அடுத்து ஐந்து கணினிகள். அதன் பின்னரே ஏனையவை. பெரிய நிறுவனங்களில் முன்மாதிரிக் கணினியொன்றைச் செம்மையாக அமைத்து, அதன் முழுப் படிமத்தையும் வலையமைப்பின் வழியாக மற்றவற்றுக்கு அனுப்புவர். அங்கும் படிப்படியாக அனுப்புவதே அறிவுடைமை.

நிற்க. தமிழருக்கே உரிய இடர் ஒன்றையும் இங்கு சொல்லவேண்டும். விண்டோஸ் 2000 முறைமையிலேயே தமிழ் ஒருங்குறிக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆவணங்கள் நம்மிடையே மலைபோற் குவிந்துள்ளன. அவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவம் அமர்ந்திருக்கிறது. எழுத்துரு இல்லையேல் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கிலக் கோவையே தோன்றும். சிறு கந்தோர் ஒன்றில் இதனை நான் நேரிற் கண்டேன். முறைமையை மாற்றிய மறுநாள், பெயர்ப்பட்டியல் ஒன்று வாசிக்க இயலாததாயிற்று. மாற்றப்படாமல் மூலையிற் கிடந்த கணினியிலிருந்து அந்த எழுத்துருவை ஓர் இளைஞர் எடுத்துவந்து இட்டார், பெயர்கள் மீண்டன. பாமினி இன்றும் எளிதிற் கிடைக்கும். எவரோ ஒருவர் எக்காலத்திலோ வாங்கிய அரிய எழுத்துருவை எங்கே தேடுவது?

இக்கரையோரத்தில் பெயர்ப்பட்டியல் அற்பமான பொருளன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். வீட்டையும் காணியையும் விட்டு வந்த குடும்பத்துக்கு, ஒரு பதிவேட்டிலுள்ள தந்தையின் பெயரும் ஊரின் பெயரும் உடைமைக்கு நிகரானவை. ஆகவே முறைமையை மாற்றும் அதே வேளையில் பழைய ஆவணங்களை ஒருங்குறிக்குப் பெயர்த்து, மூலத்தோடு ஒப்புநோக்கி வைப்பது இன்றியமையாதது.

“புதிய கணினி வாங்கப் பணமேது?” என்று பாடசாலையினர் கேட்கலாம். பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பது மெய்யே. ஆனால் லினக்ஸ் என்னும் கட்டற்ற முறைமையை விலையின்றி அவற்றுட் பலவற்றில் இடலாம். அயலிலுள்ள கேரளத்தில், பள்ளிகளின் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு லினக்ஸின் புதிய பதிப்பு 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததும் இத்திட்டத்தின் உயிர்நாடி.

ஆண்டுதோறும் மேசையையும் நாற்காலியையும் எண்ணிக் கணக்கெடுக்கிறோம். அப்பட்டியலில் ஒவ்வொரு கணினிக்கும் நேரே மூன்று குறிப்புகள் சேரட்டும்: முறைமையின் பெயர், அதன் காவல் முடியும் நாள், கோப்புகளின் பிரதி இருக்கும் இடம். இதனை எழுத மாணவன் ஒருவனே போதும். எழுதாதுவிட்டால் நேரும் இழப்பை ஈடுசெய்யப் புலவர் பலர் கூடினும் போதாது.