'ரெய்னி டே'ன்னா கெட்ட நாளா? இங்கிலீஷ் இடியம்ஸ் கத்துக்க ஈஸியான ஒரு வழி!

வீரசோழன், திருச்சுழி பக்கம் போய், "மழை நாள் வருது, காசு எடுத்து வைங்க"ன்னு சொன்னா, "விதை வாங்கவா?"ன்னுதான் கேட்பாங்க. ஆனா இங்கிலீஷ்ல 'சேவ் ஃபார் எ ரெய்னி டே'ன்னா, கஷ்ட காலத்துக்குச் சேர்த்து வைன்னு அர்த்தம்.

எஸ்.எஸ்.சி மாதிரியான போட்டித் தேர்வுகள்ல இடியம்ஸ் கேள்வி வந்தா, கிராமத்துல இருந்து வர்ற பலர் தடுமாறுறது இங்கேதான். வார்த்தை எல்லாம் தெரிஞ்சிருக்கும், அர்த்தம் மட்டும் பிடிபடாது. இதுக்காக 'நமக்கு இங்கிலீஷ் வராது'ன்னு முடிவு கட்டிடாதீங்க. ரெண்டு மொழியும் வளர்ந்த ஊர்களோட வானிலையே வேற!

மழை: அங்கே தொல்லை, இங்கே வரம்

இங்கிலாந்துல வருஷம் முழுக்க அப்பப்போ மழை தூறும். மழை பெய்தா வெளிவேலை கெடும். அதனால 'ரெய்னி டே' அங்கே கஷ்டமான நாள். இங்கேயோ வானம் பார்த்த பூமி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யுற வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் கண்மாயும் மிளகாயும் பருத்தியும்.

வெயிலா, காத்தா?

'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' 1546-ல் வெளியான ஜான் ஹேவுட்டின் பழமொழித் தொகுப்பிலேயே இருக்கு. குளிர்காலத்துல மாடுகளுக்குப் போட, புல்லை அறுத்துக் காய வைக்கணும். வெயில் எப்போ வரும்னு தெரியாத ஊர்ல, அடிக்கும்போதே காய வெச்சாத்தான் உண்டு.

நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? களத்துல பதரைப் பிரிக்க நாம காத்துக்குத்தான் காத்திருப்போம். அதான் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'. அதே கருத்துதான், களம் மட்டும் வேற.

சூடும் குளிர்ச்சியும்

குளிர்ல நடுங்குற ஊர்ல கதகதப்புதான் சுகம். அதனால நல்ல வரவேற்பு 'வார்ம் வெல்கம்', நெகிழ வைக்கிற விஷயம் 'ஹார்ட் வார்மிங்'. முகம் கொடுக்காம ஒதுக்கினா 'கோல்டு ஷோல்டர்'. நமக்கு அப்படியே தலைகீழ்! சந்தோஷம்னா மனசு குளிரும், பொறாமைன்னா வயிறு எரியும். 'மனசு குளிர்ந்துபோச்சு'ங்கிறதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா, ஈரமில்லாத ஆள்னு நினைச்சுக்குவாங்க. உஷார்!

எப்படிக் கத்துக்கலாம்?

* லிஸ்ட்டை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, அந்த இடியம் எந்த வேலையில, எந்தச் சூழல்ல பிறந்ததுன்னு தேடிப் பாருங்க.
* அதே கருத்துக்குத் தமிழ்ல என்ன சொல்றோம்னு பக்கத்துல எழுதுங்க. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'னா 'அத்தி பூத்தாற்போல'. மறக்கவே மறக்காது.
* உங்க வீட்டு விஷயத்தை வெச்சே ஒரு வாக்கியம் அமைங்க.
* ஒரு நாளைக்கு ரெண்டு போதும்.

இன்னிக்கே ஆரம்பிக்கலாம். 'அண்டர் த வெதர்'னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வாங்க? அப்பத்தாகிட்ட கேளுங்க, நிச்சயம் ஒண்ணுக்கு நாலா சொல்வாங்க!