முகம் காட்டாத வில்லன்

வில்லன் என்றால் உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1971-ல் அமெரிக்க டெலிவிஷனுக்காக எடுத்த ‘டூயல்’ படத்தின் வில்லனுக்கு முகமே கிடையாது!

பாலைவனச் சாலையில் ஒருவர் காரில் போகிறார். முன்னால் புகை கக்கியபடி ஊர்ந்த டாங்கர் லாரியை முந்துகிறார். அவ்வளவுதான், அந்த லாரி அவரைக் கொல்லத் துரத்துகிறது. எதற்காக? கடைசி வரை சொல்வதில்லை. டிரைவரின் கையும் பூட்ஸும் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. நள்ளிரவில் பயமுறுத்துவது பெரிய காரியமல்ல, பட்டப்பகலில் அல்லவா நடுங்க வைக்கிறார்கள்!

கதாசிரியர் ரிச்சர்ட் மாத்திசனை 1963-ல், கென்னடி சுடப்பட்ட அன்று, நிஜமாகவே ஒரு லாரி விரட்டியதாம்.

டைரக்டர் ஸ்பீல்பெர்க்குக்கு அப்போது 24 வயது. பணமும் குறைவு, நாளும் குறைவு; ஏறக்குறைய இரண்டே வாரத்தில் படப்பிடிப்பு. ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்துவிடலாம் என்றார்கள். பிள்ளையாண்டான் மசியவில்லை, கலிபோர்னியாவின் வறண்ட சாலைகளுக்கே போனார். நடிகரைப் பொறுக்குவதுபோல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். முன்புறம் மனித முகம் போலிருந்த பழைய லாரி ஒன்றுக்கு அந்த வேஷம் கிடைத்தது. அழுக்கும் எண்ணெயும் பூசியதுதான் அதற்கு மேக்கப்!