இந்த ஈ.சி.ஆர். வேறு, அந்த ஈ.சி.ஆர். வேறு: தெரியுமா?

பொம்மையார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்று ஈ.சி.ஆர். எங்கே என்று கேளுங்கள். காலடியில் ஓடும் சாலையைக் காட்டுவார்கள். சென்னையில் புறப்பட்டு, மாமல்லபுரம் தொட்டு, மரக்காணத்து உப்பளங்களையும் கழுவெளியையும் கடந்து புதுச்சேரிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை. அதே மூன்று எழுத்து பாஸ்போர்ட்டிலும் அச்சாகும், தெரியுமா? அங்கே அதற்கு ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’ என்று பொருள். அதாவது, இவர் வேலைக்காக வெளிநாடு போகிறார் என்றால் அரசு ஒரு தடவை சரிபார்த்த பிறகே விமானம் ஏற வேண்டும்.

யாருக்கு இது அச்சாகும்? பெரும்பாலும் பத்தாவது பாஸ் ஆகாதவர்களுக்கு. பத்தாவது முடித்து, அந்தச் சான்றிதழைக் காட்டி பாஸ்போர்ட் எடுத்தால் இந்த எழுத்துகள் வராது. ஒரே ஒரு மார்க் ஷீட் இரண்டு பேரை இரண்டு வரிசையில் நிறுத்திவிடுகிறது! சரிபார்ப்பு எல்லா நாட்டுக்கும் இல்லை, 18 நாடுகளுக்கு மட்டும். சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. ஈரானும் இல்லை. ஈரான் படகுகளில் மீன்பிடிக்கப் போன நம் மீனவர்கள் 2020 கொரோனா முடக்கத்தில் அங்கேயே சிக்கிக்கொண்டதும், கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸில் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்ததும் நினைவிருக்கிறதா?

இந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஏதோ தடை என்று நினைத்து, “விசிட் விசாவில் போயிடு தம்பி, அங்கே போய் மாத்திக்கலாம்” என்று சொல்கிற ஏஜென்டை நம்பிப் புறப்படுகிறவர்கள் உண்டு. அது தடை இல்லை, கேடயம்! முறையாக கிளியரன்ஸ் வாங்கிப் போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு, தெரியுமா? பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபாய். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான், மேலே ஜி.எஸ்.டி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் போனவருடைய வேலை ஒப்பந்தத்தை இந்தியாவில் எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். நகை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் ஒரு வீட்டில்கூட இது தெரியாமல் இருக்கக் கூடாது.

படித்தவர்களும் தப்பவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்களே, 2022-இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்களே, அங்கேயும் கதை சுற்றுலா விசாவில்தான் தொடங்கியது.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கும் இதே பாடுதான், தெரியுமா? பக்கத்திலிருக்கும் ஆரோவில்லில் வந்து வாழ விரும்பும் வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்தால் காரியம் ஆகாது. ஆரோவில் அறக்கட்டளையின் பரிந்துரையோடு ‘என்ட்ரி விசா’ வாங்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மனம் மாறியவர் திரும்பிப் போய்த்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இனி வருவதுதான் என்னை உறங்கவிடாத அதிசயம்! பொம்மையார்பாளையத்திலிருந்து தெற்கே பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் தாண்டினால் முத்தியால்பேட்டை. சில கிலோமீட்டர்தான். கோட்டக்குப்பம் வரை அன்று பிரிட்டிஷ் மண், அதற்குத் தெற்கே பிரெஞ்சு மண். ஒரே அலை, ஒரே காற்று, ஒரே பேச்சு. ஆனால் 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: நீங்கள் எந்த நாட்டவர்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்தியர். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். ஒரு தாள், ஆறு மாதம், அவ்வளவுதான்!

அதற்குள்ளும் ஒரு வியப்பு. புதுச்சேரியில் பிறந்து, அந்தத் தேதியில் சைகோனிலோ பாரிசிலோ குடியிருந்தவர் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார். இந்தியராக வேண்டுமென்றால்தான் அவர் எழுத வேண்டும்! ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணன் சைகோனில் இருந்ததால் பிரெஞ்சு, தம்பி வீட்டோடு இருந்ததால் இந்தியன் என்று ஆவதற்கு இந்திய-பிரெஞ்சு இணைப்பு ஒப்பந்தமே வழி வைத்திருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்போது கேள்வி இல்லை, பெற்றோரின் பாதைதான் அவர்கள் பாதை.

புதுச்சேரித் தெருக்களில் ‘சொல்தா வீடு’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர் வீடு. அந்தச் சொல்தாவின் பேரன் பிரான்சில் பிறந்து, தாத்தா ஊரில் கால் காணி நிலம் வாங்க ஆசையோடு வந்தால் முடியாது, தெரியுமா? இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் வீடு வாங்கலாம், விசா இல்லாமல் வரலாம், போகலாம். விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. அறுபது வருடத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து இன்றைக்கும் வரப்பில் நின்று மறிக்கிறது.

இன்னும் பின்னால் போங்கள். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் மண்ணின் ஏழைகளையும் பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றலாம் என்று அது வழி திறந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் கரீபியக் கடலின் குவாதலூப், மார்தினிக் தீவுகள் வரை போனார்கள். விருப்பத்தோடுதான் ஏறுகிறார்களா என்று பார்க்கத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஏஜென்ட் ஒருவர். இன்று சென்னையில் கிளியரன்ஸ் கொடுக்கிற அதிகாரிக்கு ‘புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ்’ என்று பெயர் இருக்கிறதே, அது அந்தக் கூலிக் கப்பல் காலத்துப் பதவிப் பெயர்!

கப்பலேறியவர்கள் எந்த நாட்டவர் என்பதைத்தான் யாரும் தீர்த்துவைக்கவில்லை. பிரிட்டிஷ் பிரஜையாக ஏறி, பிரெஞ்சு மண்ணில் இறங்கி, அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதாம்பரம், ஆமாம், நம் சிதம்பரம்தான், 1904-இல் இதை எதிர்த்து வழக்காடத் தொடங்கினார். அந்த மண்ணில் பிறந்த இந்தியர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று பாரிஸ் ஒப்புக்கொண்டபோது வருடம் 1923. அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது.