ஏற்ற நூலைத் தேர்ந்தெடுப்போம்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களில் பல தமிழ்ப்பள்ளிகள் ரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. அத்தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆயினும், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது எதிர்கொள்ளும் சவால் மாறவில்லை. தமிழில் கற்ற கணிதத்தையும் அறிவியலையும் முதலாம் படிவத்தில் மலாய்மொழியில் கற்க வேண்டும். இருமொழித் திட்ட வகுப்பில் சேர்ந்தால் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். இவ்வேளையில் ஏற்ற துணைநூல் பெரிதும் உதவும். பொருந்தாத நூலோ பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும்.

முதலில் பள்ளிப் பாடநூலை நன்கு பயன்படுத்த வேண்டும். 1975இல் தொடங்கிய பாடநூல் கடனுதவித் திட்டம், 2008 முதல் குடும்ப வருமானத்தைக் கருதாமல் எல்லா மாணவர்க்கும் பாடநூல் வழங்குகிறது. அதில் விளங்காத பகுதிக்கே துணைநூல் தேவை.

அடுத்து, நூலின் மொழியையும் கலைத்திட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. பின்னர் அக்கொள்கை படிப்படியாக விலக்கப்பட்டது. 2017இல் முதலாம் படிவத்தில் புதிய கலைத்திட்டம் தொடங்கியது. ஆகவே, உறவினர் அன்போடு தரும் பழைய நூல் நம் வகுப்புக்குப் பொருந்தாமல் போகலாம்.

கணித நூலில் விடை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு படிநிலைக்கும் விளக்கம் இருக்க வேண்டும். அறிவியல் நூலில் பெயர் குறித்த தெளிவான படங்களும் ஆய்வின் காரணத்தை வினவும் கேள்விகளும் தேவை. ஏற்கெனவே கற்ற பாடம் ஒன்றைத் திறந்து படித்துப் பாருங்கள். அது விளங்கினால், புதிய பாடமும் விளங்க வாய்ப்புண்டு. தமிழில் ‘பின்னம்’ என்பது மலாயில் ‘பெச்சாஹான்’, ஆங்கிலத்தில் ‘ஃபிராக்‌ஷன்’. சொல்தான் புதிது, கருத்து நாம் அறிந்ததே. இத்தகைய சொற்களை மும்மொழியிலும் குறிப்பேட்டில் எழுதி வந்தால் தயக்கம் நீங்கும்.

ஆங்கில நூலுக்கு ஒலிப்பதிவு இன்றியமையாதது. ‘ஷெட்யூல்’ என்று பிரிட்டானியர் சொல்வதை அமெரிக்கர் ‘ஸ்கெஜுல்’ என்பர். இரண்டும் சரியே, பேசும்போது ஒன்றைப் பின்பற்றுவது நன்று. ஆனால், அழுத்தம் மாறினால் கேட்பவர் குழம்பக்கூடும். ‘ரெக்கார்ட்’ என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையிலும், வினைச்சொல்லாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். நல்ல அகராதிகள் இதனைச் சிறு கோட்டால் காட்டும். பிறரைப்போல் பேசிக் காட்டுவதைவிட, பிறர்க்கு விளங்கப் பேசுவதே நமது நோக்கமாகும்.

வாங்குவதற்கு முன், ஆசிரியரின் கருத்தைக் கேளுங்கள். பள்ளி நூல்நிலையத்திலோ ஈப்போவின் துன் ரசாக் நூலகம் போன்ற பொது நூலகத்திலோ நூல்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அலமாரியை நிறைக்கும் பத்து நூல்களைவிட, முழுமையாகச் செய்து முடிக்கும் ஒரு நூலே மேலான பயனைத் தரும்.