பைசா தேறாத பங்கு

எங்க வீட்டு ஓனர் தாத்தா ஹால்ல, பேரப்புள்ளைங்க போட்டோவுக்கு நடுவுல ஒரு பத்திரம் ஃப்ரேம் போட்டுத் தொங்குது. முதல் மாச வாடகை குடுக்கப் போனப்போ வீட்டுப் பத்திரம்னுதான் நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா கிரீன் பே பேக்கர்ஸ் அணியோட ஒரே ஒரு பங்கு! 1997-ல 200 டாலர் குடுத்து வாங்கினாராம். "இப்ப வித்தா என்ன விலை போகும்?"னு அப்பாவியா கேட்டுட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார்.

சிரிக்காம என்ன செய்வார்? அந்தப் பங்குக்கு டிவிடெண்ட் கிடையாது. வெளியில விக்க முடியாது, குடும்பத்துக்குள்ள வேணா மாத்தி எழுதிக்கலாம். மேட்ச் டிக்கெட்ல முன்னுரிமை கூட இல்லை. வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, அதுல ஒரு ஓட்டு, அவ்ளோதான். ஒருத்தரே 2 லட்சம் பங்குக்கு மேல வச்சிக்கவும் முடியாது. இப்படி ஒண்ணுக்கும் உதவாத காகிதத்தை 5 லட்சம் பேருக்கு மேல வாங்கி வச்சிருக்காங்க. 2021-22 விற்பனையில ஒரு பங்கு 300 டாலர்!

விஷயம் தெரியாதவங்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்பால். பேருக்குத்தான் ஃபுட், பந்தைக் கையிலதான் தூக்கிட்டு ஓடுவாங்க :-) மத்த அணிகளெல்லாம் நியூயார்க், சிகாகோன்னு பெருநகரங்கள்ல, பெரும் பணக்காரங்க கையில இருக்கு. விஸ்கான்சின்ல இருக்கிற கிரீன் பேயோட ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். லேம்போ ஃபீல்டு மைதானத்துல 81,000 பேர் உக்காரலாம். ஊர்ல முக்கால்வாசி உள்ள அடங்கிடும்.

1919-ல இங்க இருந்த ஒரு இறைச்சி பேக்கிங் கம்பெனி, சட்டை வாங்கப் பணம் குடுத்துச்சு. அதான் பேர் பேக்கர்ஸ். (நான் ரொம்ப நாளா நம்ம மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸ் வகையறான்னு நினைச்சிட்டிருந்தேன், ஹி ஹி.) 1923-ல பணமுடை. ஊர்ப் பெரிய மனுஷங்க கூடி, பங்கு 5 டாலர்னு வித்து, லாப நோக்கமில்லாத நிறுவனமா பதிவு பண்ணிட்டாங்க. கோயில் திருவிழாவுக்கு வீட்டு வீட்டுக்கு வரி பிரிப்போமே, கிட்டத்தட்ட அதே கதை.

அதுல ஒரு ஷரத்து வச்சாங்க பாருங்க, அதுதான் சூட்சுமம். அணியை என்னிக்காவது வித்தா, கடன் போக மிச்சமெல்லாம் உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கக் கிளைக்கு, போர்வீரர் நினைவுச்சின்னம் கட்ட. பங்குதாரருக்குச் சல்லிக்காசு வராது. அப்புறம் எவன் விக்கச் சொல்லுவான்? 1997-ல நினைவுச்சின்னத்துக்குப் பதிலா, 1986-லிருந்து தர்ம காரியத்துக்கு நிதி குடுத்துட்டு வர்ற பேக்கர்ஸ் ஃபவுண்டேஷன்னு மாத்தினாங்க. ஊருக்குப் போகணும்ங்கிறது மட்டும் மாறலை.

போன ஆகஸ்ட்ல ஃபேமிலி நைட்டுக்குப் போனேன். மேட்ச் இல்லை, பயிற்சிதான், டிக்கெட் மலிவு (என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் கட்டுப்படி). உள்ள சாப்பாடு விலை கண்ணைக் கட்டுது. புலம்பிக்கிட்டே ஒரு பிராட்வர்ஸ்ட் பன் வாங்கினேன். கவுண்டர்ல இருந்த அம்மா சம்பள ஆள் இல்லையாம். பையன் படிக்கிற ஸ்கூல் பேண்டு வாத்தியக் குழு வெளியூர் போகப் பணம் சேர்க்கிறாங்க. இங்க பல கடைகள்ல இப்படித்தான் ஊர்ச் சங்கங்கள் ஆள் போட்டு நிக்குது, விற்பனையில ஒரு பங்கு சங்கத்துக்குப் போகுது. மேடை போட்டு பெரிய சைஸ் செக்கோட போட்டோ எடுத்துக்கிறதை விட இது எவ்வளவோ மேல்னு தோணுச்சு. ஆனா கடைக்காரனுக்கும் கூலி மிச்சம்தானேன்னு ஒரு குறுக்குப்புத்தியும் கூடவே எட்டிப் பார்த்துச்சு.

பயிற்சி நாள்ல சின்னப் பசங்க சைக்கிளோட மைதான வாசல்ல நிப்பாங்க. ஆறரை அடி மலைமாமிசம் ஒண்ணு வந்து குட்டி சைக்கிள்ல ஏறி பயிற்சித் திடல் வரைக்கும் மிதிக்கும். பையன் ஹெல்மெட்டைத் தூக்கிட்டுப் பின்னாலயே ஓடுவான். 1950-கள்ல ஆரம்பிச்ச வழக்கம்னு சொல்றாங்க. பத்து பைசா செலவில்லை, ஆனா அந்தப் பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

பனி கொட்டினா கேலரியைச் சுத்தம் பண்ண ஊர்க்காரங்களைக் கூப்பிடுவாங்க, மணிக்கு இவ்ளோன்னு கூலி. தாத்தாவும் போயிருக்கார். எங்க விசாவுல கேம்பஸுக்கு வெளியே கூலிக்கு வேலை செஞ்சா அடுத்த ஃப்ளைட்தான்!

ஆனா முழுசா மயங்கிடாதீங்க. 2000-ல மைதானத்தைப் புதுப்பிக்க 295 மில்லியன் டாலர் திட்டம் போட்டப்போ, மாவட்டம் முழுக்க அரை சதவீத விற்பனை வரி போடலாமான்னு ஓட்டெடுப்பு வச்சாங்க. 53 சதவீதம் ஆதரவு, தப்பிப் பிழைச்சது. 2015 வரைக்கும் மேட்சே பார்க்காத பாட்டி கூட சோப்பு வாங்கினா மைதானத்துக்குக் காசு கட்டினாங்க. இத்தனைக்கும் டிவி உரிமம் மாதிரி லீக் வருமானத்துல எல்லா அணிக்கும் சம பங்கு. 2024 நிதியாண்டுல பேக்கர்ஸுக்கு மட்டும் 400 மில்லியன் டாலருக்கு மேல. மத்த அணிகள் மூச்சு விடாத கணக்கை இவங்க வருஷா வருஷம் வெளியிடுறதாலதான் இதுவே நமக்குத் தெரியுது. அப்போ யார் யாருக்குத் திருப்பிக் குடுக்கிறாங்கன்னு கேக்கலாம்தானே?

தாத்தாகிட்டயே கேட்டேன். 2000-ல எதிர்த்து ஓட்டுப் போட்டாராம். "பங்கு நானா விரும்பிக் குடுத்தது, வரி அப்படியா?"ன்னார். தோத்ததுல வருத்தமான்னா, இல்லையாம். மைதானம் நல்லாத்தான் வந்திருக்காம்.

பங்கைப் பேத்தி பேருக்கு எழுதி வைக்கப் போறார். அவ சிகாகோவுல வேலை பார்க்கிறா, அங்கத்து அணியோட ரசிகையாம். அதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா முகம் சுருங்கிடுச்சு.